பற்று.பாக்கி() என்று அழைத்தால் பிழை வருகிறது

கேள்வி (தாராவி, மும்பை)

அப்பா தாராவியிலிருந்து சைக்கிளில் இட்லி கொண்டுபோய் மாட்டுங்கா பக்கம் விற்கிறார். கடைக்காரர்கள் பலர் மாதக் கடைசியில்தான் பணம் கொடுப்பார்கள். அந்த நோட்டுக் கணக்கைப் பைத்தான் என்ற நிரல்மொழிக்கு மாற்றுகிறேன். கிளாஸின் (ஒவ்வொரு கடைக்கணக்குக்கும் பொதுவான அச்சு) பெயர் 'பற்று'. உள்ளே பெயர், தட்டு எண்ணிக்கை, 'பாக்கி' என்ற மெத்தட் (கிளாஸுக்குள் எழுதும் செயல்). அது தட்டுக்கு 30 ரூபாய் வீதம் செல்ஃப்.தட்டு * 30 என்று கணக்கிட்டுத் தரும். (பைத்தான் 3 இப்படித் தமிழ்ப் பெயர்களை ஏற்கிறது. எனக்கு அதில் பெரிய மகிழ்ச்சி.)

பற்று.பாக்கி() என்று எழுதினால் 'செல்ஃப்' என்ற ஆர்கியுமென்ட் (அடைப்புக்குறிக்குள் தர வேண்டிய மதிப்பு) இல்லை என்கிறது. அடைப்புக்குறியை எடுத்தால் ரூபாய்க்குப் பதில் 'ஃபங்ஷன்' என்றும் ஏதோ முகவரியும் வருகிறது. பற்று.பாக்கி(0) என்றேன், முழு எண்ணுக்குத் 'தட்டு' என்ற பண்பு கிடையாது என்றது. இரண்டு இரவுகள் போய்விட்டன.

பதில் (செம்பூர்)

தங்கையே, அப்பாவிடம் வெறுமனே "பாக்கி எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். "யாருடைய பாக்கி?" என்றுதான் திருப்பிக் கேட்பார். பைத்தானும் அதையே கேட்கிறது. செல்ஃப் என்பது அந்த 'யார்'. கிளாஸ், நோட்டில் கோடு போட்ட வெற்றுப் பக்கம். அதில் எவர் கணக்கும் இல்லை. முதலில் ஒருவருக்குப் பக்கம் திறக்க வேண்டும்:

தையற்கடை = பற்று("தையற்கடை", 40)
தையற்கடை.பாக்கி()

1200 வரும். புள்ளிக்கு இடப்பக்கம் நிற்பவரையே பைத்தான் செல்ஃபாக அனுப்பிவிடுகிறது. பற்று.பாக்கி(தையற்கடை) என்றாலும் இதே விடைதான். நீங்கள் அந்த இடத்தில் 0 கொடுத்தீர்கள். பூச்சியத்துக்கு யார் இட்லி கொடுத்தார்கள்?

செல்ஃப் என்பது கட்டாயச் சொல்லும் அல்ல, வழக்கம்தான். ஆனாலும் மாற்றாதீர்கள், பிறர் படிக்கத் தடுமாறுவார்கள்.

பதில் (முலுண்டு)

ஜாவா என்ற நிரல்மொழியிலும் இதே இடத்தில்தான் நான் விழுந்தேன். அங்கே நிரல் ஓடுவதற்கு முன்பே, கம்பைல் செய்யும்போதே தடுத்துவிடும். இன்னொன்று: பாக்கி கேட்கும்போதெல்லாம் பற்று(...) என்று புதிதாக எழுதாதீர்கள். ஒவ்வொரு முறையும் புதுப் பக்கம் திறக்கும், பழைய தட்டுகள் அதில் இருக்காது.

கேள்வி கேட்டவர்

அண்ணா, வந்துவிட்டது! எல்லாக் கடைகளின் பாக்கியையும் கூட்டும்போது மட்டும் மறுபடி அடைப்புக்குறியை விட்டுவிட்டேன். எண்ணோடு மெத்தடைக் கூட்ட முடியாது என்றது. திருத்தியதும் மொத்தம் 8,430. அப்பாவின் நோட்டில் 8,400 இருக்கிறது. விடுபட்ட அந்த ஒரு தட்டு யாருடையது என்று இருவரும் பக்கம் பக்கமாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.