உதவி: கட்டை ட்ராம் நேர்ப்பாதையில் ஓடுகிறது, வளைவில் நின்றுவிடுகிறது

உவர்மலைத் தகப்பன்:
வணக்கம். நானும் மகளும் (9 வயது) லெகோக் கட்டைகளால் ஒரு ட்ராம் கட்டினோம். பெட்டியில் வந்த மாதிரி அல்ல, எங்கள் சொந்தக் கற்பனை. என்னுடைய அப்பா சின்ன வயதில் கொழும்பில் ட்ராம் ஏறிய கதையைச் சொல்லிச் சொல்லியே இவளுக்கு ட்ராம் பைத்தியம் பிடித்துவிட்டது. அங்கே 1899இல் தொடங்கிய ட்ராம் 1960இல் நின்றுபோனது. எங்கள் ஊருக்கு ரயிலாவது வருகிறதே என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

விவரம் இதுதான். நீளம் 28 குமிழ், அகலம் 8 குமிழ் (கட்டையின் மேலிருக்கும் மொட்டைத்தான் குமிழ் என்கிறேன், ஒன்றுக்கு 8 மி.மீ. கணக்கு). முன்பக்கம் லெகோவின் பவர்ட் அப் ரயில் மோட்டர், பின்பக்கம் சும்மா உருளும் சில்லுக் கூடு. இரண்டும் திரும்பும் அச்சுகளுக்கு இடையில் 18 குமிழ். முன்னால் ஓட்டுநர் அறை இருப்பதால் ஹப்பை (மோட்டருக்குக் கரண்டு கொடுக்கும் பற்றரிப் பெட்டி) பின்னால் வைத்தோம். ட்ராமுக்குச் சில்லு வெளியே தெரியக்கூடாது என்பது மகளின் கட்டளை. ஆகவே பக்கச் சுவரைத் தண்டவாளத்தைத் தொடாத குறையாக இறக்கிவிட்டோம். விறாந்தையில் 16 வளைவுத் துண்டும் 8 நேர்த் துண்டும் போட்டுப் பாதை.

நேரில் நன்றாகப் போகிறது. வளைவுக்குள் நுழைந்ததும் இழுத்து இழுத்து, "ர்ர்" என்று உறுமிவிட்டு நிற்கிறது. கையால் தட்டினால் நாலு விரற்கடை நகர்ந்து மறுபடி நிற்கும். மோட்டர் பழுதா? இன்னொன்று வாங்குவதென்றால் கொழும்புக்குச் சொல்லி அனுப்ப வேண்டும், விலையும் கொஞ்சநஞ்சமில்லை.

கடல்முகம்:
முதலில் பற்றரியைப் பாருங்கள். திரும்பச் சார்ஜ் பண்ணும் ஏஏஏ போட்டிருக்கிறீர்களா? அது ஒன்று 1.2 வோல்ட், 6 போட்டால் 7.2. சாதாரண அல்கலைன் ஒன்று 1.5, 6 போட்டால் 9. வளைவில் அந்த வித்தியாசம் தெரியும். அப்புறம் ஹப்பைத் திறந்து சுருள்கம்பிகளையும் பாருங்கள். எங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு ஆறு மாதத்தில் பச்சை பிடித்துவிடும். பற்றரியைக் கழற்றிவிட்டு, பஞ்சில் தேசிக்காய்ப் புளி ஒரு சொட்டு தொட்டுத் துடைத்து, உடனே ஸ்பிரிட்டால் இன்னொரு தரம் துடையுங்கள். புளியை அப்படியே விட்டால் அதுவே அரிக்கும்.

உவர்மலைத் தகப்பன்:
சார்ஜ் பண்ணும் பற்றரிதான். ஒரு சுருளில் பச்சையும் இருந்தது, துடைத்துவிட்டேன். புது அல்கலைன் போட்டதும் நேரில் பறக்கிறது. வளைவில் அதே கதை, முன்பைவிடச் சத்தமாக.

நிலாவெளிப் பொடியன்:
அண்ணா, அந்த மோட்டரை விடுங்கள். என்20 கியர் மோட்டர் ஒன்று போடுங்கள், 6 வோல்ட், நிமிடத்துக்கு 200 சுற்று. சில்லு 17 மி.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு 53 மி.மீ., அதாவது செக்கனுக்கு 18 செ.மீ. அளவில் போகும். ட்ராமுக்கு அளவான வேகம். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

பட்டறைக்காரன்:
பொடியன் சொல்வது நல்ல மோட்டர்தான். ஆனால் அதன் தண்டு 3 மி.மீ., லெகோ அச்சு சிலுவை வடிவம். இடையில் ஒரு இணைப்பு செய்ய வேண்டும், லித்தியம் பற்றரி என்றால் பாதுகாப்பு மின்சுற்றுப் பலகையும் வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் அதற்கு இப்போது அவசரமில்லை. நேரில் பறக்கிற மோட்டர் வளைவில் மட்டும் பழுதாகாது.

தம்பி, ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். நிற்கும்போது மோட்டரின் சில்லு சுற்றுகிறதா, நின்றுவிட்டதா? சுற்றினால் பிடிப்பு இல்லை. நின்றால் எங்கோ உரசுகிறது. ஹப்பின் விளக்கும் அணைந்தால் கரண்டு விடயம்.

பிறகு ஒரு சோதனை. மேல் உடலைக் கழற்றிவிட்டு, மோட்டரின் முதுகில் ஹப்பை மட்டும் வைத்து வளைவில் விடுங்கள்.

உவர்மலைத் தகப்பன்:
விளக்கு அணையவில்லை. குனிந்து பார்த்தேன், வளைவின் தொடக்கத்தில் சில்லு ஒரு கணம் வழுக்குகிறது, பிறகு ஒரேயடியாக நிற்கிறது. உடலில்லாமல் விட்டால் நிற்கவே மாட்டேன் என்கிறது! கேற்றுப் பக்க வளைவில் மட்டும் கொஞ்சம் திணறல்.

பட்டறைக்காரன்:
கேற்றுப் பக்கத்துக்கு மருந்து வேறு. விறாந்தைத் தரையை மழைத்தண்ணீர் ஓடச் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள். ஒரு போளையை வைத்துப் பாருங்கள், உருளும். தாழ்ந்த பக்கத்துக்கு அட்டை மடித்து வையுங்கள்.

இனி உடல். உங்கள் வளைவின் ஆரை 40 குமிழ். அச்சுகளுக்கு இடையில் 18, பாதி 9. வளைவில் மோட்டர் உடலிலிருந்து 13 பாகை திரும்பியாக வேண்டும். மோட்டரின் நடுவிலிருந்து 5 குமிழ் தள்ளியிருக்கும் அதன் மூலை அப்போது 1.1 குமிழ், அதாவது 9 மி.மீ. பக்கவாட்டில் போகும். 8 அகல உடலில் இரண்டு சுவர் போக உள்ளே 6 குமிழ்தான், 48 மி.மீ. மோட்டரும் சில்லும் அதற்குள் நின்றால் மிச்சம் எவ்வளவு? திரும்ப இடமே இல்லை.

எங்கே முட்டுகிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. மோட்டரின் நாலு மூலையிலும் திருநீறு தடவி, உடலை மாட்டி ஒரு தரம் வளைவில் தள்ளுங்கள். சுவரின் உட்பக்கத்தில் வெள்ளை பிடித்த இடம்தான் குற்றவாளி.

உவர்மலைத் தகப்பன்:
சாமி அறைக் கிண்ணத்தில் இருந்து எடுத்ததற்கு அம்மாவிடம் பேச்சு வாங்கினேன். ஆனால் பலன் உண்டு! இடது பக்கச் சுவரில் ஓட்டுநர் அறைக்குக் கீழே விரல் நகமளவு வெள்ளைக் கோடு. அதே இடத்தில் சிவப்புக் கட்டை ஏற்கனவே பளபளவென்று தேய்ந்திருக்கிறது. இன்னொன்றும் கண்டேன். ஹப் பின்னால் இருப்பதால் மோட்டர் வயர் தம்பூராக் கம்பி போல இறுகி நிற்கிறது. மோட்டர் திரும்பப் பார்த்தாலும் அது நேராக்கிவிடுகிறது.

பட்டறைக்காரன்:
அப்படியானால் மூன்று வேலை. ஹப்பை முன்னுக்குக் கொண்டுவந்து மோட்டருக்கு நேர் மேலே வையுங்கள். 6 பற்றரியே 70 கிராமளவு வரும், அந்தப் பாரம் சில்லை அழுத்தினால் வழுக்கல் நிற்கும். வயரில் ஒரு தளர்ந்த சுருள் விடுங்கள். மோட்டரின் இரண்டு நுனிக்கும் நேரே சுவரைத் தூக்குங்கள், அங்கே மட்டும்.

நடுப்பகுதிச் சுவரை இறக்கியே வைக்கலாம், மகள் கோபிக்க மாட்டாள். ஆனால் வளைவில் நடுவுடல் ஒரு குமிழ் உள்ளே தள்ளும், சுவர் தண்டவாளத்துக்கு மேலேயே வந்துவிடும். ஆகவே தண்டவாள விளிம்புக்கு மேல் ஒரு தட்டுக்கட்டை அளவு, 3.2 மி.மீ., விட்டுவிடுங்கள். சில்லில் இருக்கும் ரப்பர் வளையத்தையும் துடையுங்கள். எண்ணெய்க் கையால் பிடித்திருப்பீர்கள்.

உவர்மலைத் தகப்பன்:
எல்லாம் செய்தாயிற்று. பழைய சார்ஜ் பற்றரியையே போட்டு 30 சுற்றுவரை எண்ணினோம், அதற்குமேல் மகள் எண்ணவில்லை. ஹப் முன்னுக்கு வந்ததால் ஓட்டுநருக்கு இடம் போய்விட்டது, அவர் இப்போது பயணிகளோடு நிற்கிறார். அப்பா கதிரையை இழுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "மணி எங்கே?" அதற்கு வேறு இழை திறக்கிறேன். கடல்முகம், பட்டறைக்காரன் ஐயா, தம்பி, மூவருக்கும் நன்றி.

கடல்முகம்:
படம் போடுங்கள். திருநீற்றைத் துடைத்துவிட்டு.