ஊதுலை கட்டி ஓட்டினவர்கள், உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஒழுங்கைப்பூனை

நானே தொடங்குகிறேன். 2022, மார்ச் கடைசி, 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின கிழமை. மைன்கிராப்ட்டில் தொழிற்சாலை கட்டவைக்கிற மோட் பொதி கிரெக்டெக் நியூ ஹொரைசன்ஸ், மின் ஊதுலை, முதல் அலுமினியம். இதற்கு மேல் விளக்கம் தேவைப்படுகிறவர்கள் இந்தப் பக்கம் வந்திருக்க மாட்டீர்கள்.

சேர்வர் திருநெல்வேலியில் மச்சானுடைய கணினியில், நான் கொக்குவிலில். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கரண்ட் இருந்தால்தான் விளையாட்டு. அப்படித் துண்டு துண்டாகக் கிடைத்த நேரத்தில் மூன்று கிழமையாகக் கட்டினோம். உலையைச் சூடாக்குகிற குப்ரோநிக்கல் சுருள் மட்டும் பதினாறு. அலுமினியத் தூளுக்கு நீலக்கல்லை அரைத்து மின்பகுப்பு. இரத்தினபுரியில் அதைத் தோண்டி எடுத்து மோதிரத்தில் பதிக்கிறார்கள், நாங்கள் மாவாக்கிக்கொண்டிருக்கிறோம் என்று மச்சான் ஒவ்வொரு முறையும் சொல்லிச் சிரிப்பான். உண்மையிலும் நீலக்கல் என்பது அலுமினியம் ஒக்சைட்டுத்தானே.

உலைக்கு 120 அலகு கரண்ட் வேண்டும். எங்களிடம் 32 தருகிற நீராவி டர்பைன் நாலு இருந்தது. கணக்குச் சரி, வயரில் போகிற நட்டத்தைக் கழித்தால் மயிரிழையில் சரி. பற்றரி வைக்கவில்லை, அடுத்த வெட்டுக்கு இருபது நிமிடம்தான் இருந்தது, ஓட்டிப் பார்ப்போம் என்று விட்டுவிட்டோம்.

வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டுகிற கோடு முக்கால்வாசி தாண்டியிருக்கும், உலை நின்றது. உள்ளே போட்ட தூள் போனது போனதுதான், அந்தப் பதிப்பில் திரும்பி வராது. நான் ஓடிப்போய்ப் பொய்லரைப் பார்த்தால் தண்ணீர் சொட்டும் இல்லை, சூடு மட்டும் உச்சியில் நிற்கிறது. பம்பிலிருந்து வருகிற குழாயை நான்தான் காலையில் கழற்றியிருந்தேன், வேறு ஏதோ வேலைக்கு. தாகமாக இருப்பவனுக்குத் தண்ணீர் கொடுப்பதுபோல வாளியை எடுத்து ஊற்றினேன்.

காய்ந்து கொதிக்கிற பொய்லருக்குள் தண்ணீர் விட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், வாசித்திருக்கிறேன், மச்சானுக்கு நானே ஒருநாள் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் கை முந்திவிட்டது. பொய்லர், டர்பைன் இரண்டு, உலையின் ஒரு பக்கச் சுவர், எல்லாம் ஒரே பள்ளம். ஹெட்செட்டில் மச்சான் ஒன்றுமே பேசவில்லை. அவனுடைய அறையில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றது. கரண்ட் போய்விட்டது.

ஏசியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

பனங்கிழங்கு

தூள் போனது போனதுதான் என்று பொதுவாக எழுதாதீர்கள், புதிதாக வருகிற பிள்ளைகள் பயந்து ஓடிவிடுவார்கள். நான் விளையாடுவது கிரெக்டெக் சமூகப் பதிப்பு, மைன்கிராப்ட் 1.12இல். அங்கே கரண்ட் குறைந்தால் கோடு பின்னால் போகும், அவ்வளவுதான். கரண்ட் வந்ததும் திரும்ப ஏறும். சாமான் உள்ளேயே இருக்கும். நீங்கள் சொல்வது பழைய மைன்கிராப்ட் 1.7.10 காரருடைய கவலை.

என்னுடையது மழை. உலையை வெட்டவெளியில் வைத்தேன், மாரி பிடித்ததும் வெடித்தது. சரி, பாடம் படித்தாயிற்று என்று இரண்டாவது உலைக்குக் கூரை போட்டேன். அழகான கூரை, பனையோலை மாதிரியே நிறம் பொருத்தி, உலையின் தலையில் ஒட்ட ஒட்டப் போட்டேன். உலை ஓடவில்லை. சுருளைக் கழற்றி மாட்டினேன், கரண்ட் உள்ளே போகிற ஆற்றல் வாயிலை மாற்றினேன், பராமரிப்புப் பெட்டியைத் திறந்து ஸ்பானர், திருப்புளி, ரப்பர் சுத்தியல், அலவாங்கு என்று ஒன்று விடாமல் போட்டுப் பார்த்தேன். இரண்டு நாள். மூன்றாம் நாள் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறேன், புகைவாயின் மேல் என் அழகான கூரை உட்கார்ந்திருக்கிறது. புகை போக ஒரு கட்டையளவு வெளி விட்டிருந்தால் போதும். அந்த ஒரு கட்டையை உடைத்த உடனே உர்ர்ர் என்று தொடங்கியது. அண்ணாந்து நின்றபடியே எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

ஒழுங்கைப்பூனைக்குச் சில விசயம் சொல்லவேண்டும். முதலாவது, பற்றரி இல்லாமல் உலை ஓட்டவே கூடாது. 120 தேவைப்படுகிற வேலைக்கு 128 கொடுக்கிற ஏற்பாட்டை ஏற்பாடு என்று சொல்ல முடியாது, வயர் நாலு கட்டை நீண்டால் முடிந்தது கதை. ஆற்றல் வாயில் இரண்டு வைத்தீர்களா? ஒன்று வைத்தால் தாழ்மின்னழுத்தத்தில் அந்த வேலைக்குக் காணாது, அதைத் தெரியாமலே பாதிப்பேர் வந்து அழுகிறார்கள். டர்பைனை உலைக்குப் பக்கத்தில் வையுங்கள், பொய்லரைத் தூரத்தில் வையுங்கள், வெடித்தாலும் அது மட்டும் போகட்டும். பொய்லருக்குப் போகிற தண்ணீர்க் குழாயில் வேறு எதுவும் கிளைவிடக் கூடாது, அதற்கென்று தனிக் குழாய், தனித் தாங்கி. சுருளைக் காந்தல் (Kanthal) என்கிற அடுத்த உலோகக் கலவைக்கு மாற்றும்போது பதினாறையும் சேர்த்து மாற்றவேண்டும், கலந்து வைத்தால் உலை கட்டப்பட்டதாகவே எடுக்காது. பராமரிப்புக்கு ஒட்டு நாடா ஒன்று இருக்கிறது, ஒரு நாடாவில் ஆறு பிரச்சினையும் தீரும், அதை முதலே செய்து ஒரு பெட்டி நிறைய வையுங்கள். கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

ஒழுங்கைப்பூனை

2022இல் உங்களை எனக்குத் தெரியாதே அண்ணை. இரண்டு வாயில் வைத்திருந்தோம். புத்தி கேட்டு எழுதவில்லை, நடந்ததை எழுதினேன்.

மூசை

எங்கள் வீட்டில் அப்பா நகை வேலை. கடையில் உண்மையான உலை இருக்கிறது, சின்னதுதான், மூசையில், அதாவது உருக்குகிற சின்னக் கிண்ணத்தில், வெங்காரம் போட்டுத் தங்கம் உருக்குவார். அதனால் எனக்குக் கிரெக்டெக்கில் உலைச் சூட்டுக்கு வைத்திருக்கிற கெல்வின் கணக்கெல்லாம் பிடிக்கவில்லை, டிங்கர்ஸ் கன்ஸ்ட்ரக்ட் என்கிற மோட்தான் பிடித்தது. அதில்தான் உருகினது கண்ணுக்குத் தெரியும். களி, மணல், சரளை குழைத்துச் சுட்ட செங்கல், அடியில் எரிமலைக் குழம்பு, குழாயைத் திறந்தால் அச்சில் ஊற்றுகிறது. ஒரு கட்டிக்கு 144 அலகு குழம்பு, முழுக் கட்டைக்கு 1296, கணக்கு ஒன்பதால் பெருக்குகிற கணக்கு, அவ்வளவுதான்.

பெரிய தொட்டியாகக் கட்டி ஒரு பெட்டி நிறையத் தங்கத் தாது சேர்த்து வைத்திருந்தேன். அப்பாவுக்குக் காட்டவேண்டும் என்று கூப்பிட்டேன். அவர் சேர்ட்டைக் கழற்றிக்கொண்டே வந்து பின்னால் நின்றார். தாதை அள்ளிப் போட்டேன். அது உருக உருக மஞ்சள் வராமல் வெளிறிய ஒரு நிறம் எழும்புகிறது. அடியில் முதல்நாள் மிச்சம் விட்ட வெள்ளி. இரண்டும் சேர்ந்து எலெக்ட்ரம் ஆகிக்கொண்டிருக்கிறது, நிறுத்த வழியில்லை, தொட்டிக்குள் ஒன்றாகக் கிடந்தால் அது தானே கலந்துவிடும்.

அப்பாவுக்கு அந்த விளையாட்டைப் பற்றி ஒரு சொல்லும் தெரியாது. திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "மூசையைப் பார்க்காமலே பவுணைப் போட்டியோ?"

போய்விட்டார், தேத்தண்ணீர் குடிக்க. எனக்கு இங்கே பெயர் அப்படித்தான் வந்தது.

கரண்ட் வந்துட்டுது

மூசை அண்ணா, கெல்வின் கணக்கு பிடிக்காமல் போனது சரிதான், ஏனென்றால் அது பாதி பொய். ஏ லெவல் இரசாயனம் இரண்டு தரம் எடுத்தவன் சொல்கிறேன். அலுமினியம் உருகுவது 660 பாகை செல்சியசில், அதாவது 933 கெல்வின். விளையாட்டில் 1700 கேட்கிறார்கள். உருக்குக்கு 1000 போதுமாம்! இரும்பு உருகவே 1811 வேண்டும். அப்படிப் பார்த்தால் அலுமினியச் சட்டிக்குள் வைத்து உருக்குச் செய்யலாம் போல. அதோடு அலுமினியத்தை உலகத்தில் யாரும் ஊதுலையில் எடுப்பதில்லை, 1886இலிருந்து மின்பகுப்புத்தான், அலுமினியம் ஒக்சைட்டைக் கிரையோலைற்று என்கிற உருகின உப்பில் கரைத்து. இவர்கள் நீலக்கல்லை மின்பகுப்புச் செய்த பிறகு தூளைத் திரும்பவும் உலைக்குள் போடச் சொல்கிறார்கள், எதற்கு? ஆனால் டைட்டானியத்துக்கு 1941 போட்டிருக்கிறார்கள், அது அச்சொட்டாக அதன் உருகுநிலை. ஆக யாரோ ஒருவர் தரவுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறார், அலுமினியத்திலும் உருக்கிலும் ஏன் கண்ணை மூடினார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

பனங்கிழங்கு சொன்ன மழைக் கதையிலும் ஒரு பிழை, வெட்டவெளி மட்டுமல்ல, பக்கவாட்டில் திறந்திருந்தாலும் பிரச்சினை வரலாம். சுவரும் கட்டுங்கள்.

என் கதையா? இம்மெர்சிவ் எஞ்சினியரிங் என்கிற மோட், மின்வில் உலை. இரவு முழுக்க ஓடட்டும் என்று விட்டுப் படிக்கப் போனேன், விடியப் பார்த்தால் மூன்று கிராபைற்று மின்வாயும் தேய்ந்து முடிந்து மேலே மூன்று வெறும் ஓட்டை. பல் விழுந்த வாய் மாதிரி. அன்றைக்குத்தான் சோதனை.

பனங்கிழங்கு

பக்கவாட்டு விசயம் எனக்குத் தெரியும், எழுத மறந்துவிட்டேன். 1000 என்பது உருகுநிலை என்று யார் சொன்னது? சுருளுக்கு எவ்வளவு சூடு தேவை என்று விளையாட்டுக்காக வைத்த படி அது. குப்ரோநிக்கல் 1800 வரை போகும், அலுமினியம் 1700இல் இருந்தால்தான் முதல் உலையிலேயே எடுக்கலாம். சோதனைத்தாள் திருத்துகிற மாதிரி விளையாடாதீர்கள்.

கரண்ட் வந்துட்டுது

933 போட்டிருந்தாலும் முதல் உலையில் எடுக்கலாம்தானே.

வேப்பமரத்தடி

சண்டையை விடுங்கள் தம்பிமாரே. என்னுடையது உலைக் கதையா என்றுகூடத் தெரியாது.

மூசை சொன்ன அதே தொட்டிதான். என் தங்கச்சிக்கு அப்போது எட்டு வயது, பக்கத்தில் இருந்து பார்ப்பாள், சிலவேளை விசைப்பலகையைக் கேட்பாள். விளையாட்டில் எங்கள் உலகத்தில் ஒரு கிராமத்தான் இருந்தான், அவள் அவனுக்குப் பெயர்ப் பட்டி மாட்டி "கடை மாமா" என்று வைத்திருந்தாள். ஒருநாள் நான் சாப்பிடப் போய் வருவதற்குள் அவள் அவனை வள்ளத்தில் ஏற்றி உலைக்குக் கொண்டுபோய் மேலிருந்து உள்ளே இறக்கியிருக்கிறாள். மழை பெய்தது, மாமா நனைந்தார், உள்ளே சூடாக இருந்தது என்றாள்.

கிராமத்தான் அந்தத் தொட்டிக்குள் போனால் உருகி மரகதமாக வருவான். நான் வந்து பார்க்கும்போது அவன் ஒவ்வொரு தரமும் சிவந்து சிவந்து "ஹ்ம், ஹ்ம்" என்கிறான், தொட்டியில் பச்சையாக ஒரு படை ஏறுகிறது. நான் சொல்லவேண்டியது, ஓடிப்போய் இறக்கவேண்டியது. சொல்லவில்லை. எவ்வளவு மரகதம் தேறும் என்று ஒரு கணம் எண்ணிப்பார்த்தேன். உண்மை அதுதான்.

அவள் பிறகு கேட்டாள், மாமா எங்கே என்று. வெளிநாடு போய்விட்டார் என்றேன். எங்கள் ஊரில் அந்தப் பதிலை எந்தப் பிள்ளையும் நம்பும். அவளும் நம்பினாள். இப்போது அவளுக்குப் பதினைந்து, எல்லாம் தெரியும், மரகதம் என்று யாராவது சொன்னால் என்னைப் பார்ப்பாள்.

மூசை

பச்சையை எதில் ஊற்றினீர்கள்?

வேப்பமரத்தடி

ஊற்றவில்லை. அந்தத் தொட்டியை அப்படியே மூடிவிட்டு வேறு ஒன்று கட்டினேன்.

ஒழுங்கைப்பூனை

மச்சான் இப்போது இங்கே இல்லை. போகும்போது அந்த உலகத்தை ஒரு பென்ட்ரைவில் போட்டுத் தந்தான். போன மாதம் திறந்து பார்த்தேன். பள்ளம் அப்படியே இருக்கிறது, நான் ஊற்றின தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு பெட்டி, எனக்கு ஞாபகம் இல்லாத பெட்டி. அதற்குள் குப்ரோநிக்கல் சுருள் ஒன்பது. அன்றைக்குப் பிறகு நான் அந்த உலகத்துக்குள் போகவில்லை, அவன் எப்போதோ தனியாகப் போய்த் திரும்பச் செய்யத் தொடங்கியிருக்கிறான்.

புதுப்பொடியன்

வணக்கம் அண்ணைமார், நேற்றுத்தான் தொடங்கினேன், வாசிக்கப் பயமாக இருக்கிறது. பொய்லருக்குத் தண்ணீர் முதலில் விடுவதா, நெருப்பு முதலில் போடுவதா?

ஒழுங்கைப்பூனை

தண்ணீர். குழாயைக் கழற்றாதே.