புதுப்பிப்பு: 40 குதிரைவலு என்ஜின் மாட்டிய பிறகு, திருப்பத்தில் வெறுமனே சுற்றிய பிரச்சினை தீர்ந்தது

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. முன்பு கேட்டது இதுதான்: எங்கள் ஃபைபர் படகில் 25-ஐக் கழற்றிவிட்டு 40 மாட்டினோம். மட்டக்களப்பு முகத்துவாரத்தில் அலைக்கு எதிரே போகும்போதும், வேகமாகத் திருப்பும்போதும், என்ஜின் வீறிட்டுக் கத்தும், படகோ நகராது.

வாழைச்சேனை அண்ணன் சொன்னதுதான் சரி. புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டு, படகின் அடிமட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும் என்றார். நேர்ப்பலகை வைத்துப் பார்த்தோம். இரண்டு விரல் அகலம் மேலே நின்றது. பழைய என்ஜினுக்காகப் பின்பலகையில் வைத்திருந்த மரக்கட்டைதான் காரணம். அதை எடுத்ததும் என்ஜின் கீழே இறங்கி, புரொப்பெல்லர் காற்றை இழுத்து வெறுமனே சுற்றுவது அடியோடு நின்றது.

அப்புறம் புரொப்பெல்லர். 13 அங்குல பிட்சில் (பிட்ச் என்றால் ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேற வேண்டிய தூரம்), முழுச் சுமையோடு நிமிடத்துக்கு 4,200 சுற்றுக்கு மேல் ஏறவில்லை. என்ஜின் புத்தகத்தில் 4,500 முதல் 5,500 வரை என்று இருக்கிறது. பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் 150 முதல் 200 சுற்று கூடும் என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். 11 போட்டோம், 4,600-ஐத் தொட்டது. சுமையோடு எழும்புவதும் இப்போது சுறுசுறுப்பு.

எதிர்பாராதது புது என்ஜினின் எடைதான். கடையார் (படகின் பின்பக்கம்) தாழ்ந்து, அணியம் (முன்பக்கம்) துள்ளத் தொடங்கியது. பெற்றோல் தாங்கியையும் பற்றரியையும் முன்னுக்கு நகர்த்திய பிறகு அடங்கியது. பின்பலகை போல்ட்டுகளையும் பெரிய வாஷர் போட்டு மறுபடி இறுக்குங்கள். எங்களுடையது கொஞ்ச ஓட்டத்திலேயே தளர்ந்திருந்தது.