பதினேழு வயதில் இந்திய அணி: விவேக் சாகரை அளவுகோலாகக் கொள்ளலாமா?

அல்சூர் அம்மா

அனைவருக்கும் வணக்கம். என் மகன் முதலாம் ஆண்டு பியூசி (பதினோராம் வகுப்பு) படிக்கிறான். பெங்களூரு சாந்திநகர் ஹாக்கி அரங்கில் நடுக்கள ஆட்டக்காரனாகப் பயிற்சி பெற்று வருகிறான். இவ்வாண்டு மாநில ஜூனியர் அணித் தேர்வு முகாமுக்கு அழைப்பு வந்துள்ளது. கல்லூரியிலோ 75 விழுக்காடு வருகை இல்லாவிட்டால் தேர்வெழுத விடமாட்டோம் என்கிறார்கள். விவேக் சாகர் பிரசாத் பதினேழு வயதிலேயே இந்திய அணிக்கு ஆடிவிட்டார், ஆகவே நமக்கு மிஞ்சியிருப்பது ஓராண்டுதான் என்று அவனும் அவன் அப்பாவும் உறுதியாக இருக்கிறார்கள். படிப்பை ஓராண்டு நிறுத்திவைக்கலாமா? சர்வதேச வீரர்களின் தொடக்க ஆண்டுகள் உண்மையில் எப்படித்தான் அமைகின்றன?

லெஃப்ட் ஹாஃப், ஜீவன்பீமா நகர்

அம்மா, விவேக் சாகரின் கணக்கை உங்கள் மகனுக்குப் போட வேண்டாம். அவர் 2018 ஜனவரியில் நியூசிலாந்தில் இந்திய சீனியர் அணிக்கு அறிமுகமானார். அதே ஆண்டு அக்டோபரில் பியூனஸ் அயர்ஸ் இளையோர் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கி வெள்ளி வென்றார். 2021இல் டோக்கியோவில் ஒலிம்பிக் வெண்கலம் பெற்றுத் திரும்பியவர், சில மாதங்களிலேயே புவனேசுவரத்தில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பைக்கு அணித் தலைவராகக் களமிறங்கினார். ஒலிம்பிக் பதக்கம் வென்ற பிறகும் ஜூனியர் வயது அவருக்கு மீதமிருந்தது. இப்படியொரு ஆட்டக்காரர் எப்போதாவதுதான் வருவார்.

நான் பார்க்கச் சொல்வது 2016இல் லக்னோவில் ஜூனியர் உலகக் கோப்பையை வென்ற அணியை. ஹர்மன்பிரீத், மன்தீப், வருண் குமார், சுமித், சிம்ரன்ஜீத், குர்ஜந்த் எனப் பலர் அந்த அணியிலிருந்து டோக்கியோ வரை சென்றார்கள். அவர்களுக்கெல்லாம் தலைவராக இருந்து கோப்பையைக் கையில் வாங்கிய ஹர்ஜீத் சிங்கோ சீனியர் அணியில் நிலைக்கவில்லை. அவரும் உங்கள் மகனைப் போல நடுக்கள ஆட்டக்காரர்தான். ஜூனியரில் உலகின் முதலிடத்தைப் பிடித்தவருக்கே இந்த நிலை என்றால், இடறுவதற்கு அதிக வாய்ப்புள்ள கட்டம் எது என்று யோசித்துப் பாருங்கள். இருபத்தொன்று வரை வயதுப் பிரிவு என்ற வேலி உண்டு. அதைத் தாண்டியதும் முப்பது வயது ஆட்டக்காரரோடு ஒரே இடத்துக்குப் போட்டியிட வேண்டும். ஒலிம்பிக் அணியில் இருப்பதோ பதினாறு இடங்கள்.

நம் அரியலூர் கார்த்தி செல்வத்தையும் நினைவில் வையுங்கள். கோவில்பட்டியில் வளர்ந்த ஆட்டம் அவருடையது. 2022 மே மாதம் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில், அறிமுக ஆட்டத்திலேயே, அதுவும் பாகிஸ்தானுக்கு எதிராக, ஒன்பதாவது நிமிடத்தில் கோல் அடித்தார். அடுத்த ஆண்டு சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை வென்ற அணியிலும் இருந்தார். ஆனால் 2024 பாரிஸ் அணியில் அவர் பெயர் இல்லை. அறிமுகத்தோடு எதுவும் முடிவாகிவிடுவதில்லை. உங்கள் மகனுக்கு இருப்பது ஓராண்டு அன்று, ஐந்தாண்டு. படிப்பை நிறுத்துவதற்கான காரணம் எனக்குத் தென்படவில்லை.

ஸ்ரீராமபுரம் கோல்கீப்பர்

முந்தைய பதிலோடு எனக்குப் பெரும்பாலும் உடன்பாடே. ஆனால் "ஐந்தாண்டு இருக்கிறது" என்று பையனிடம் சொல்லிவிடாதீர்கள், சோம்பிவிடுவான். என்னைப் போலவே கோல்கீப்பரான ஸ்ரீஜேஷ் 2006இல் சீனியர் அணிக்கு அறிமுகமாகியும், முதல் கோல்கீப்பராக நிலைபெற ஏறத்தாழ ஐந்தாண்டுகள் பிடித்தன. அந்தக் காத்திருப்பில் அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை.

தேர்வு முகாம் பற்றி ஒரு சொல். தண்ணீர் தெளித்த டர்ஃபில் (செயற்கைப் புல்தரையில்) பந்து வழுக்கிக்கொண்டு வரும். மண் தரையில் பழகிய பையன்கள் நிமிர்ந்து நின்று மட்டையை நீட்டுவார்கள், பந்து அடியில் புகுந்து போய்விடும். நடுக்களத்தில் ஆடுபவன் இடுப்பை இறக்கி, பந்து வந்து சேருமுன்பே தோளுக்கு மேலாக ஒருமுறை பின்னால் பார்த்துவிட்டானா என்பதைத்தான் தேர்வாளர் கவனிப்பார். நாலு பேரை ஏமாற்றிக் கடந்து போவதை அவர்கள் அவ்வளவாக மதிப்பதில்லை. பந்தை இழந்த அடுத்த நொடி பையன் திரும்பி ஓடுகிறானா, கையை விரித்துக்கொண்டு நிற்கிறானா என்பதற்கு மதிப்பு அதிகம். ஞானபாரதியில் உள்ள சாய் (இந்திய விளையாட்டு ஆணையம்) மையத்தில் தேசிய முகாம் நடக்கும் நாட்களில் அனுமதி கிடைத்தால் அவனை ஒருநாள் அழைத்துச் சென்று, பந்தைப் பார்க்காமல் இந்திய நடுக்கள ஆட்டக்காரர் ஹர்திக் சிங்கை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

அல்சூர் அம்மா

இருவருக்கும் நன்றி. அவன் அப்பாவிடம் ஹர்ஜீத் சிங்கைப் பற்றிப் படித்துக் காட்டினேன். முதன்முறையாக மறுபேச்சு வரவில்லை. இன்னொரு ஐயம்: சீனியர் அணி கிடைக்காமலே போனால் இத்தனை ஆண்டு உழைப்புக்குப் பயன் என்ன?

டிக்கெட் பரிசோதகர், கண்டோன்மென்ட்

சகோதரி, அந்தப் பயனால் உண்பவர்களில் நானும் ஒருவன். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் சேரப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். படிப்புச் சான்றிதழும் கேட்பார்கள். ஆகவே பியூசியை முடிப்பது அவனுடைய ஹாக்கிக்கும் சேர்த்துத்தான். மாநில அணிக்கு ஆடும் ஒவ்வொரு போட்டியின் சான்றிதழையும் உடனுக்குடன் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் அலைந்தாலும் கிடைக்காது. முகாம் அழைப்புக் கடிதத்தின் நகலோடு கல்லூரி முதல்வரை முகாமுக்கு முன்பே சந்தித்து, வருகைச் சலுகையை எழுத்தில் கேளுங்கள். முகாம் முடிந்து வந்து கேட்டால் எந்தக் கல்லூரியும் முகம் கொடுக்காது.