மறு: தார்க் கலவை குளிர்ல விரியறதுக்கு ஒரு சொல் வேணும் (அவசரம்)

வணக்கம். பாலிடெக்னிக் பசங்களுக்கான சாலைப்பொருள் செய்முறைக் கையேட்டைத் தமிழாக்கிட்டு இருக்கேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. கடுங்குளிர்ல ரோட்டு மேலடுக்கு சுருங்கப் பாக்கும், அடியில இருக்கற அடுக்கு அதை விடாது, உள்ள இழுவிசை ஏறி ஏறி கடைசியில ரோட்டுக்குக் குறுக்கா கோடு கோடா விட்டுடும். இதுக்கு நான் போட்டது "தாழ்வெப்பநிலை வெடிப்புச் சோதனை". வகுப்புல படிச்சுக் காட்டினா, வெடிமருந்து சோதனையான்னு கேக்கறாங்க.

---

> வெடிப்புச் சோதனை

பசங்க கேட்டதுல தப்பில்லம்மா. வயல் வெடிக்கும், பாதம் வெடிக்கும், ஆனா "சோதனை" பக்கத்துல வந்தா வேற அர்த்தம் முந்திக்குது. "குளிர்ப்பிளவு"ன்னு போடுங்க, அந்த ப் விட்டுடாதீங்க. குளிர்பானம் வினைத்தொகை, அதான் ஒற்று மிகல. ப் இல்லாம எழுதினா பிளவே குளிர்ற மாதிரி ஆயிடும், போட்டா குளிரால் ஆன பிளவு, மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை.

இன்னொண்ணு, தார் வேண்டாம், நிலக்கீல். கீல்னா பிசின், கீல்னா மூட்டும்தான், கீல்வாதம்ங்கறோமே. ரெண்டுமே சேத்துப் பிடிக்கற வேலை. கீள்னு ளகரம் போட்டா கிழிக்கறது. ஒட்டறதுக்கும் கிழியறதுக்கும் நடுவுல ஒரே ஒரு எழுத்துதான், இதை நினைச்சு நேத்து ராத்திரி தூக்கமே வரல.

---

நிலக்கீலுக்கு நானும் கை தூக்கறேன் ஐயா, தார் நிலக்கரியில இருந்து வர்றது, ரோட்டுக்கு இப்ப போடறது பெட்ரோலியத்துல வடிச்சு மிஞ்சறது, ரெண்டும் வேற வேற.

ஆனா பிளவு சரியா வராது. நான் லேப்ல பாத்ததைச் சொல்றேன். 150 மிமீ விட்டம், 50 மிமீ தடிமன்ல கலவை வட்டு, ரெண்டு ஓட்டை, நடுவுல ரம்பத்தால ஒரு வெட்டு. பி.ஜி. 64-22 நிலக்கீல்னா (ரோட்டுச் சூடு 64 டிகிரியில இருந்து -22 டிகிரி வரைக்கும் தாங்கற தரம்) -22க்கு 10 டிகிரி மேல, அதாவது -12ல வெச்சு, வெட்டோட வாய் நிமிஷத்துக்கு 1 மிமீ திறக்கற மாதிரி இழுப்போம். அந்தக் குளிர்ல விரிசல் ஜல்லியைச் சுத்திப் போகாம ஜல்லியையே அறுத்துட்டு நேரா போகும், உடைஞ்ச முகத்துல வெட்டுப்பட்ட கல் பளிச்சுனு தெரியும். நாங்க அளக்கறது ரெண்டா பிளந்துச்சாங்கறதை இல்ல, விரிசல் வளர எவ்ளோ ஆற்றல் செலவாச்சுங்கறதைத்தான். அதனால "குளிர்விரிசல்". சைட்ல மேஸ்திரிக்கும் புரியும்.

அம்மா, "கலவை"ங்கற சொல் கண்டிப்பா வரணும். சின்ன நிலக்கீல் சட்டத்தை வளைச்சு, 60 வினாடியில விறைப்பு 300 மெகாபாஸ்கல் தாண்டுதான்னு பாக்கறது வேற சோதனை, அதுல ஜல்லியே கிடையாது. ரெண்டுக்கும் ஒரே பேர் வெச்சா பசங்க குழம்பிடுவாங்க.

---

விரிசல்னா குடும்பத்துல விரிசல், கட்சியில விரிசல்னு தேஞ்சு போன சொல். குறள் 475ல பாரம் தாங்காம "அச்சிறும்"னு வருதே, இறு! தாங்கற வரைக்கும் தாங்கி முறியறது, இந்த ரோடு பண்றதும் அதேதான். "குளிரிறல்"னு சொல்லுங்க, தூய தமிழ், சின்ன சொல், தனிச்சொல். புரியாதுன்னு பயந்தா ஒரு கலைச்சொல்லும் பிறக்காது.

---

இறுக்கறதுன்னா வரி கட்டறதும் இருக்கு, வடிக்கறதும் இருக்கு. சொல் அழகுதான், ஆனா வகுப்புல ஒவ்வொரு தடவையும் விளக்கிட்டு இருக்க முடியுமா? அதோட குறள்ல அச்சு பாரத்தால இறுது, இங்க வண்டியே ஓடாத ரோடும் வெறும் குளிர்லயே விடுது.

---

எல்லாருக்கும் நன்றி. எண்ணிப் பாத்தேன், குளிர்விரிசல் நாலு, குளிர்ப்பிளவு ரெண்டு, குளிரிறல் ஒண்ணு. "நிலக்கீல் கலவைக் குளிர்விரிசல் சோதனை"ன்னு அனுப்பிடறேன், இதுக்கு மேல நாள் இல்ல.

---

அனுப்புங்கம்மா, தடுக்கல. ஆனா குளிர்விரிசல்ல வகரம் வந்துட்டதால அது வினைத்தொகையா வேற்றுமைத்தொகையான்னு கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அடுத்த பதிப்புக்கு முன்னாடி இந்த இழையை மறுபடி எடுப்பேன்.