அஞ்செட்டிப் பக்கம் காட்டோர ஊர்: யார், எப்போது குடியேறினார்கள்?

காட்டோரத்தான்:
எங்கள் ஊர் அஞ்செட்டியிலிருந்து உள்ளே, காட்டை ஒட்டி இருக்கிறது. தாத்தா சிறுவனாக இருந்தபோது பன்னிரண்டு வீடாம். இப்போது எண்பதுக்கு மேல். பாதி வீட்டில் கன்னடம், நாலைந்து வீட்டில் தெலுங்கு, மீதி தமிழ். ஓடைக்கு அந்தப் பக்கம் இருளர் குடியிருப்பு. யார் முதலில் வந்தார்கள் என்று எழுதிவைக்க ஆசை. 2011 மக்கள்தொகைக் கையேட்டை இறக்கித் தேடினேன். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு 18,79,809 பேர் என்று இருக்கிறது, எங்கள் ஊர்ப் பெயரைத்தான் காணோம். வேறு எங்கே தேடுவது?

ராகிக்களி:
பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் 4,200 ஆண்டுப் பழைய இரும்பே கிடைத்திருக்கிறது. அங்கிருந்து ஆரம்பியுங்கள் நண்பா!

ஓய்வுபெற்ற வாத்தியார்:
மயிலாடும்பாறை நமக்குப் பெருமைதான், ஆனால் தம்பி கேட்பது பன்னிரண்டு வீட்டுக் கதை. அதற்கு வருவோம்.

கையேட்டில் பெயர் இல்லாததற்குக் காரணம் எளிது. கணக்கு வருவாய்க் கிராமத்தின் பெயரில்தான் அச்சாகும். குக்கிராமம், கொட்டாய், தொட்டி எல்லாம் அதற்குள் கரைந்துவிடும். உங்கள் ஊர் எந்த வருவாய்க் கிராமத்தில் சேர்ந்தது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். அப்படியே கிராமத்தின் நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் நத்தம் (குடியிருப்பு நிலம்) எவ்வளவு, புறம்போக்கு எவ்வளவு என்றும் பார்த்துவிடுங்கள். பழைய குடியிருப்பு எதுவரை இருந்தது என்று நத்தத்தின் பரப்பே ஓரளவு காட்டிக்கொடுக்கும்.

கிடைக்கிற எண்ணையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 2001-ல் நானே உங்கள் பக்கத்து மலைக் கிராமம் ஒன்றுக்குக் கணக்கெடுக்கப் போனேன். பிப்ரவரி 9 முதல் 28 வரை வேலை. பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் நடை, யானை நடமாட்டம் இருந்ததால் துணைக்கு ஒரு ஆள் வேறு. போனால் மூன்று வீட்டுக்கு ஒரு வீடு பூட்டு! மானாவாரி ராகி தையிலேயே களத்துக்கு வந்துவிடும், அப்புறம் நிலத்தில் வேலை கிடையாது. குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவார்கள், உகாதிக்குத்தான் திரும்புவார்கள். அந்த இருபது நாளும் ஊரில் இல்லாதவரை அங்கே எழுதக் கூடாது, இருக்கிற இடத்தில்தான் எழுத வேண்டும் என்பது விதி. விதிப்படி செய்தேன். ஆனால் ஊரே இல்லாத மாதத்தில் ஊரை எண்ணுகிறோமே என்று அன்றைக்கும் தோன்றியது, இன்றைக்கும் தோன்றுகிறது.

வயது கேட்பது இன்னொரு கூத்து. ஒரு பாட்டி, "எங்கப்பன் மேட்டூர் அணை வேலைக்குப் போனப்ப நான் கைக்குழந்தை" என்றார். அணை வேலை 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்தது. எழுபது என்று போட்டுக்கொண்டேன்.

இனி குடியேற்றம். மொழிக் கலப்புக்கு ஒரு காரணம் உங்கள் பகுதி வெகுகாலம் மைசூரோடு இருந்தது. பாராமகால், அதாவது கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம், 1792-லேயே கம்பெனி கைக்குப் போனது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் 1799-ல் திப்பு வீழ்ந்த பிறகுதான் போனது. ஊர்ப் பெயர்களும் சொல்லும். 'அள்ளி' என்பது கன்னட ஹள்ளி, அதாவது கிராமம். மல்லசந்திரத்தில் வருகிற சந்திரம் நிலா இல்லை, சமுத்திரம், அதாவது ஏரி. 'தொட்டி' என்று முடிந்தால் கன்னடத்து தொட்டி, மாட்டுப்பட்டி. மாடு மேய்க்க வந்தவர்கள் பட்டி போட்ட இடம் பிறகு ஊராகியிருக்கலாம். இதை நான் அடித்துச் சொல்ல மாட்டேன், உங்கள் பெரியவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம்: தாது வருஷப் பஞ்சம். நம் பகுதியையும் சேர்த்திருந்த பழைய சேலம் மாவட்டத்தில் 1871-ல் 19.67 லட்சம் பேர். 1876-78 பஞ்சம் முடிந்து 1881-ல் எண்ணியபோது 16 லட்சம்தான். செத்தவர்கள் பாதி, ஊரை விட்டுப் போனவர்கள் பாதியோ என்னவோ. 1891-ல்தான் ஏறக்குறைய பழைய எண்ணைத் தொட்டது. ஆகவே ஊரில் நடுகல்லோ பழங்கிணறோ இருந்தால் அது உங்கள் முன்னோருடையது என்று உடனே எழுதிவிடாதீர்கள். பஞ்சத்துக்கு முன்னால் அங்கே இருந்தவர்கள் வேறு யாராகவும் இருந்திருக்கலாம்.

தொட்டல்லா:
வாத்தியார் சார் சொன்னதோடு ஒன்று. நான் இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவன். "யார் முதலில் வந்தார்கள்" என்று தேடும்போது ஓடைக்கு அந்தப் பக்கமும் வந்து கேளுங்கள். எங்களை யாரும் குடியேற்றவில்லை.

இது ஆசைக்கு எழுதுகிற வரலாறு மட்டும் இல்லை. 2006 வன உரிமைச் சட்டத்தில் பழங்குடிகள் 13.12.2005-க்கு முன்பிருந்தே அந்த நிலத்தில் இருந்ததைக் காட்டினால் போதும். மற்றவர்கள் அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். பெரியவர்களின் வாக்குமூலம், கிணறு, சுடுகாடு, கோயில் எல்லாம் சான்றாகச் செல்லும். 2014-ல் காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம் அறிவித்த பிறகு இதையெல்லாம் எழுதிவைக்காத ஊர் எங்கள் பக்கம் ரொம்பத் தவிக்கிறது.

காட்டோரத்தான்:
அப்படியானால் எங்களுக்கு 1930 வரை போக வேண்டும். சார், அந்தப் பாட்டி சொன்ன மேட்டூர்க் கணக்கு அங்கேதானே வந்து நிற்கிறது! எங்கள் பெரியம்மாவும் அணைக் கதை சொல்வார். இந்த ஞாயிறு ஊருக்குப் போய்ப் பதிவு செய்துவிடுகிறேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
இந்த ஞாயிறு பெரியம்மா மட்டும்தான் இருப்பார் தம்பி. மற்ற பெரியவர்களும் வேண்டுமென்றால் உகாதிக்குப் போங்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் முதலில் போங்கள்.