புதுப்பிப்பு: இக்னைட்டர் சூடாகியும் மாடல் ராக்கெட் மோட்டார் பற்றாத பிரச்சினை தீர்ந்தது

லாஞ்ச் பட்டனை அழுத்தினால் இக்னைட்டர் (மோட்டாரைப் பற்றவைக்கும் சின்ன மின்கம்பி) லேசாகச் சூடாகிறது, கருமருந்து மோட்டார் மட்டும் பற்ற மாட்டேன் என்கிறது என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி.

பட்டனை அழுத்தியபடியே, இக்னைட்டரைக் கவ்வும் கிளிப் முனையில் வோல்டேஜ் பார்க்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. சும்மா இருக்கும்போது 12 காட்டிய மீட்டர், அழுத்தியதும் 7-க்கு இறங்கியது. பேட்டரி முனையில் அவ்வளவு இறக்கம் இல்லை. ஆக, இழப்பு பேட்டரிக்கும் இக்னைட்டருக்கும் நடுவில், வயரிலும் கிளிப்பிலும்தான். முதலைக் கிளிப்பின் பற்களில் பழைய புகைக்கரி அப்பிக் கிடந்தது. உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, தடித்த வயர் போட்டதும் உடனே பற்றுகிறது.

எதிர்பாராதது ஒன்று: அப்புறமும் ஒரு இக்னைட்டர் நன்றாக எரிந்து மோட்டார் பற்றவில்லை. முனை நழுவி, மருந்தைத் தொடாமல் நாசிலுக்குள் (மோட்டாரின் அடித்துளை) நின்றிருந்தது. கடைசிவரை தள்ளி, நாசிலை அடைக்கும் பிளக்கால் இறுக்கினால் சரி.

பற்றாமல் போனால் லாஞ்ச் கன்ட்ரோலரின் சேஃப்டி சாவியை எடுத்துவிட்டு, 60 நொடியாவது கழித்தே கிட்டே போங்கள்.